ஒரே கனியும் இரு பிள்ளைகளும்: வீட்டில் பரிசு கொடுக்கும் முறை

பிள்ளைகள் சண்டை பிடிக்காத வீடு புளியந்தீவிலும் கிடையாது. வாவியின் மறுகரையில் உள்ள ஊர்களிலும் கிடையாது. கைத்தொலைபேசி யாருடைய கையில் இருப்பது, மின்விசிறிக்கு நேரே யார் படுப்பது, கடைக்கு யார் போவது, தம்பி கொட்டிய தண்ணீரை யார் துடைப்பது என்று காலை தொடங்கி இரவு வரை வழக்குகள் வந்தவண்ணம் இருக்கும். நீதிபதியாக அமர்ந்திருக்கும் தாய் களைத்துப் போகும் வேளையில் அவருடைய கைக்கு எட்டுவன இரண்டு. ஒன்று பிரம்பு. மற்றது, "அரை மணித்தியாலம் சத்தம் போடாமல் இருந்தால் ஐஸ்கிறீம் வாங்கித் தருவேன்" என்ற வாக்குறுதி.

பிரம்பை ஒதுக்க வேண்டும் என்பதில் இன்று கருத்து வேறுபாட்டுக்கு அதிகம் இடமில்லை. சிறுவர் உரிமைகள் தொடர்பான ஐக்கிய நாடுகள் சாசனத்தை இலங்கை 1991ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்டது. பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனை கூடாதெனக் கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டு சுற்றறிக்கை வெளியிட்டது. வீட்டுக்குச் சுற்றறிக்கை வருவதில்லையாயினும், அடித்து வளர்ப்பதில் பயனில்லை என்பதைப் பெற்றோர் பலர் தாமாகவே உணர்ந்து வருகின்றனர். பிரம்பு விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப வந்திருப்பது பரிசு. இது வரவேற்கத்தக்க மாற்றமே. எனினும், பரிசு எந்த முறையில் கொடுக்கப்படுகின்றது என்பதைப் பொறுத்து, அது உடன்பிறப்புகளைச் சேர்க்கவும் கூடும், பிரிக்கவும் கூடும். இதனைப் பெற்றோர் விளங்கிக்கொள்வது அவசியமாகும்.

ஒரே பரிசு வளர்க்கும் பகை

பரிசு எவ்வாறு பிரிக்கும் என்பதற்கு நமக்குத் தெரியாத உதாரணம் தேவையில்லை. நாரதர் கொண்டுவந்த கனியின் கதை சைவ வீடுகளில் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் தெரியும். கனி ஒன்று; பிள்ளைகள் இருவர்; உலகை முதலில் வலம் வருபவருக்கே அது என்பது போட்டி விதி. மூத்தவர் தாய் தந்தையரை வலம் வந்து கனியைப் பெற்றார். இளையவர் கோபங்கொண்டு மலைக்குப் போனார். அக்கதையின் தத்துவப் பொருள் வேறு. ஆனால் குடும்ப நிலையில் நின்று வாசிப்பவருக்கு அது சொல்லும் செய்தி தெளிவானது: பங்கிட முடியாத ஒரே பரிசை இரு பிள்ளைகளுக்கு நடுவே வைத்தால், வென்றவர் வீட்டில் இருப்பார், தோற்றவர் வீட்டை விட்டுப் போவார்.

திருக்குர்ஆனில் யூசுப் நபி (அலை) அவர்களின் வரலாறு ஒரு முழு அத்தியாயமாக இடம்பெற்றுள்ளது. தந்தைக்கு யூசுபும் அவருடைய தம்பியும் தங்களைவிட உவப்பானவர்கள் என்ற எண்ணமே சகோதரர்களைக் கிணற்றங்கரை வரை கொண்டுசென்றது. கிறிஸ்தவர்களின் வேதாகமத்திலும் இந்த வரலாறு உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம், தம் பிள்ளைகளுள் ஒருவருக்கு மட்டும் அன்பளிப்பு வழங்கிய தந்தையொருவர் அதற்குச் சாட்சியாக இருக்கும்படி கேட்டபோது, மற்றப் பிள்ளைகளுக்கும் அவ்வாறே கொடுத்தீரா என்று வினவி, இல்லையென்றதும் சாட்சியாக இருக்க மறுத்த செய்தி ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. மட்டக்களப்பு வாவியைச் சுற்றி வாழும் சமூகங்கள் அனைத்தும் தத்தம் வேத மரபில் இந்த எச்சரிக்கையைக் கேட்டு வளர்ந்தவையே.

அப்படியிருந்தும் நம் வீடுகளில் நடப்பது என்ன? சுவரில் ஒரு தாள் ஒட்டப்படுகின்றது. அதில் அண்ணனுக்கு ஒரு நிரல், தங்கைக்கு ஒரு நிரல். நல்லது செய்தால் நட்சத்திரம். வார முடிவில் அதிக நட்சத்திரம் பெற்றவருக்குப் பரிசு. ஒற்றுமையை வளர்ப்பதற்காகத் தொடங்கப்படும் இந்த ஏற்பாடு மூன்றாம் நாளிலேயே முறைப்பாட்டுப் புத்தகமாக மாறிவிடுகின்றது. தங்கையின் நட்சத்திரம் குறைவதில் அண்ணனுக்கு இலாபம் இருக்கும்போது, அவன் அவளுக்கு உதவுவான் என எதிர்பார்ப்பது எவ்வகையில் நியாயம்? அவளுடைய பிழையைக் கண்டுபிடித்துத் தாயிடம் சொல்வதே அவனுக்கு ஆதாயமான தொழிலாகும். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் அக்கா சித்தியடைந்ததைச் சொல்லிச் சொல்லித் தம்பியைப் படிக்க வைக்க முனைவதும் இதே வகையைச் சேர்ந்ததுதான்.

1954இல் ஒரு முகாம்

இதனை ஆய்வு மூலம் காட்டியவர்களுள் முக்கியமானவர் துருக்கியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய சமூக உளவியலாளர் முசாபர் ஷெரீப். 1954ஆம் ஆண்டுக் கோடை காலத்தில் ஒக்லஹோமா மாநிலத்தின் ஒரு பூங்காவில், ஏறத்தாழப் பதினொரு வயதுடைய 22 சிறுவர்களை அவரும் அவருடைய குழுவினரும் இரண்டு அணிகளாகப் பிரித்துத் தங்க வைத்தனர். பின்னர் இரு அணிகளுக்கும் இடையே போட்டிகள் நடத்தப்பட்டன. வென்ற அணிக்கே பதக்கமும் பேனாக்கத்தியும் எனப்பட்டது. சில நாட்களுக்குள் வசைபாடல், கொடி எரிப்பு, அறைகளைச் சூறையாடல் என நிலைமை முற்றியது.

இதன் பின்னர் நடந்ததே நமக்குப் பாடம். இரு அணிகளையும் ஒரே இடத்தில் உண்ண வைத்துப் பார்த்தார்கள். சேர்ந்து படம் பார்க்க வைத்தார்கள். பகை தணியவில்லை. பின்னர் முகாமுக்கான தண்ணீர் தடைப்பட்டது போலவும், உணவு ஏற்றும் வாகனம் நின்றுவிட்டது போலவும் சூழ்நிலைகள் உருவாக்கப்பட்டன. ஓர் அணியால் தனித்துச் சமாளிக்க முடியாத வேலைகள் அவை. சிறுவர்கள் கயிறு கட்டி அந்த வாகனத்தைச் சேர்ந்து இழுத்தனர். இவ்வாறான வேலைகள் சில நாட்கள் தொடர்ந்த பின்னரே பகை குறைந்தது. சிறுவர்களுக்குத் தெரியாமல் அவர்களை இவ்வாறு மோதவிட்டமை பிற்காலத்தில் கடும் கண்டனத்துக்குள்ளானது. அது நியாயமான கண்டனமே. ஆயினும், அருகருகே இருத்துவதால் மட்டும் ஒற்றுமை வராது, ஒருவரின்றி மற்றவருக்கு முடியாத இலக்கு ஒன்று தேவை என்ற முடிவு இன்றுவரை பயனுள்ளதாகவே கருதப்படுகின்றது.

1969ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் மூவர், நான்காம் வகுப்பொன்றில் "நன்னடத்தை விளையாட்டு" என்ற முறையைப் பரீட்சித்தனர். வகுப்பு இரண்டு அணிகளாகப் பிரிக்கப்பட்டது. குழப்படிகளின் எண்ணிக்கை குறிப்பிட்ட அளவைத் தாண்டாவிட்டால் இரு அணிகளுமே வெல்லலாம் என்பது அதன் சிறப்பு. ஒருவர் வெல்ல மற்றவர் தோற்க வேண்டியதில்லை. வகுப்பில் குழப்பம் வெகுவாகக் குறைந்தது. இம்முறை இன்றும் பல நாடுகளின் வகுப்பறைகளில் கையாளப்படுகின்றது.

கரைவலையின் நீதி

உண்மையில் இந்த அறிவு நம் கடற்கரைக்குப் புதிதன்று. கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். வலையின் இரு பக்கக் கயிறுகளையும் இரு வரிசையாக நின்று இழுப்பார்கள். ஒரு வரிசை விரைந்து இழுத்து மற்றது பின்தங்கினால் வலை கோணிப்போகும், மீன் தப்பிவிடும். ஆகவே பலமுள்ளவர் பலமில்லாதவரின் வேகத்துக்கும் இசைந்து இழுத்தாக வேண்டும். மீன் விற்ற பின் செலவு கழித்து, வலைக்குரிய பங்கு போக, எஞ்சியது இழுத்தவர்களுக்குப் பகிரப்படும். எத்தனை முழம் கயிறு யாருடைய கையால் வந்தது என்று எவரும் கணக்குப் பார்ப்பதில்லை. மடியில் மீன் இருந்தால் எல்லோருக்கும் உண்டு. இல்லாவிட்டால் எவருக்கும் இல்லை.

வீட்டிலே பிள்ளைகளின் ஒத்துழைப்புக்காகப் பரிசு கொடுப்பதாயின், அது நட்சத்திர நிரலாக இருக்கக் கூடாது. கரைவலைப் பங்காக இருக்க வேண்டும். அதற்கான எளிய முறையொன்றை இங்கு விளக்கலாம்.

ஒரு போத்தலும் புளியங்கொட்டையும்

தேவையானவை ஒரு வெறும் ஜாம் போத்தலும் ஒரு பிடி புளியங்கொட்டையும் மட்டுமே. போத்தல் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவானது. அதில் எவருடைய பெயரும் எழுதப்படலாகாது.

முதலாவதாக, கண்ணால் கண்டு எண்ணக்கூடிய வேலைகள் நான்கினைப் பிள்ளைகளோடு பேசித் தெரிவுசெய்ய வேண்டும். "ஒற்றுமையாக இருங்கள்" என்பதை எண்ண முடியாது. காலையில் இருவரும் சேர்ந்து பாய் தலையணைகளை மடித்து வைப்பது, ஒருவர் முற்றம் கூட்ட மற்றவர் சருகை அள்ளுவது, இரவில் ஒருவர் கோப்பைகளைக் கழுவ மற்றவர் துடைத்து அடுக்குவது, கைத்தொலைபேசியை நேரம் முடிந்ததும் தர்க்கமின்றி மற்றவரிடம் கொடுப்பது ஆகியவற்றை எண்ணலாம். ஒவ்வொன்றும் இருவரின் பங்கும் சேர்ந்தால்தான் நிறைவுறும் வேலையாக இருப்பது முக்கியம். ஒரு வேலை நிறைவுற்றால் போத்தலுக்குள் ஒரு கொட்டை.

இரண்டாவதாக, இலக்கு எட்டக்கூடியதாக இருக்க வேண்டும். நாளொன்றுக்கு நான்கு வேலைகள் என்றால் வாரத்துக்கு 28 கொட்டைகள் சேரலாம். இருபதை இலக்காக வைத்தால், சில நாட்கள் சறுக்கினாலும் நம்பிக்கை உடையாது. இலக்கு நிறைவேறாத வாரத்தில் கொட்டைகளைக் கொட்டிவிடாமல் அடுத்த வாரத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஒருமுறை உள்ளே போட்ட கொட்டையை எந்தக் கோபத்திலும் வெளியே எடுக்கலாகாது. உழைத்துப் பெற்றதைப் பறித்துக்கொள்ளும் அரசை எவரும் நம்புவதில்லை, பிள்ளைகளும் அப்படித்தான்.

மூன்றாவதாக, பரிசு முழுக் குடும்பமும் அனுபவிப்பதாக இருத்தல் நன்று. கல்லடிக் கடற்கரையில் ஒரு மாலைப் பொழுது, காந்தி பூங்காவில் ஒரு மணித்தியாலம், பிள்ளைகள் சொல்லும் இரவுச் சாப்பாடு, தந்தையோடு ஒரு கரம் ஆட்டம், விடுமுறை நாளில் அரை மணித்தியாலம் பிந்தி உறங்க அனுமதி என்பன போதுமானவை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் வீட்டுச் செலவைச் சுருக்கிக்கொண்ட குடும்பங்களுக்கு இதனால் சுமை ஏற்படாது. பணத்தைப் பரிசாகக் கொடுத்தால், அதனைப் பிரிப்பதிலேயே அடுத்த சண்டை தொடங்கும்.

நான்காவதாக, முறைப்பாட்டுக்குக் கொட்டை இல்லை. "அவள் செய்யவில்லை" என்று ஒருவர் வந்து சொல்வதால் போத்தலில் எதுவும் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. வேலை முடிந்ததென இருவரும் சேர்ந்து வந்து சொன்னால் மட்டுமே கொட்டை விழும்.

ஐந்தாவதாக, வயது வேறுபாட்டுக்கு மதிப்பளிக்க வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை கோப்பைகளைக் கழுவும்போது ஐந்து வயதுப் பிள்ளை கரண்டிகளை எடுத்து வைத்தாலே அது முழுப்பங்கு. நீதி என்பது எல்லோருக்கும் ஒரே எடையைச் சுமத்துவதாகாது.

இந்த ஏற்பாட்டில் சேர மாட்டேன் என ஒரு பிள்ளை அடம்பிடிக்கக்கூடும். "உன்னால்தான் எல்லோருக்கும் இல்லாமல் போனது" என்று அந்தப் பிள்ளையை முழு வீடும் குற்றவாளியாக்கினால், தொடங்கிய நோக்கமே கெட்டுவிடும். கூட்டுப் பரிசின் மிகப் பெரிய ஆபத்து இதுதான். அப்பிள்ளைக்கு எந்த வேலை கடினமாக இருக்கின்றதெனக் கேட்டு, வேலையை மாற்ற வேண்டும். வீட்டில் எப்போதும் ஏச்சு வாங்கிப் பழகிய பிள்ளையே பெரும்பாலும் இவ்வாறு ஒதுங்கி நிற்கும் என்பதையும் மறக்கலாகாது.

பரிசு கூலியாக மாறும்போது

பரிசு மருந்தைப் போன்றது. அளவும் காலமும் உண்டு. 1973ஆம் ஆண்டு மார்க் லெப்பர், டேவிட் கிறீன், ரிச்சர்ட் நிஸ்பெற் ஆகிய ஆய்வாளர்கள், படம் வரைவதில் இயல்பாகவே விருப்பம் கொண்ட பாலர் பாடசாலைப் பிள்ளைகளை மூன்று பிரிவுகளாக்கினர். ஒரு பிரிவினருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவோம் என முன்கூட்டியே சொல்லப்பட்டது. இன்னொரு பிரிவினருக்கு வரைந்த பின்னர் எதிர்பாராமல் வழங்கப்பட்டது. மூன்றாம் பிரிவினருக்கு எதுவும் இல்லை. சில நாட்களின் பின் கவனித்தபோது, வாக்குறுதிக்காக வரைந்த பிள்ளைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறத்தாழப் பாதியாக இருந்தது. விளையாட்டாக இருந்தது அவர்களுக்குக் கூலி வேலையாகிவிட்டது.

2008ஆம் ஆண்டு பீலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் ரொமசெல்லோ ஆகியோர் இருபது மாதக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வும் இதற்கு அரண் சேர்க்கின்றது. கீழே விழுந்த பொருளை எடுத்துக் கொடுத்ததற்காகப் பொருள் பரிசு பெற்ற குழந்தைகள், பாராட்டு மட்டும் பெற்றவர்களையும் எதுவுமே பெறாதவர்களையும் விடப் பின்னர் குறைவாகவே உதவின. உதவும் குணம் குழந்தையிடம் ஏற்கெனவே இருக்கின்றது. அதற்கு விலை வைத்தால் அது விலைப்பொருளாகின்றது.

அபராதத்துக்கும் இது பொருந்தும். இஸ்ரேலின் ஹைபா நகரிலுள்ள குழந்தைப் பராமரிப்பு நிலையங்களில், பிள்ளையை அழைத்துச்செல்லப் பிந்தி வரும் பெற்றோருக்கு அபராதம் விதித்துப் பார்க்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு வெளியான அந்த ஆய்வின்படி, பிந்தி வருவோர் குறைவதற்குப் பதிலாக ஏறத்தாழ இரு மடங்காகினர். அபராதத்தை நீக்கிய பின்னரும் பழைய நிலை திரும்பவில்லை. பணம் கட்டினால் பிந்தலாம் என்று பெற்றோர் எண்ணிக்கொண்டதே காரணம் என ஆய்வாளர்கள் விளக்கினர். தங்கையை அடித்தால் இருபது ரூபா அபராதம் என்று வீட்டில் சட்டம் போட்டால், இருபது ரூபா வைத்திருக்கும் அண்ணன் என்ன நினைப்பான் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, புளியங்கொட்டைப் போத்தல் ஒரு பழக்கத்தைத் தொடக்கிவைப்பதற்கான ஊன்றுகோல் மட்டுமே. பாய் மடிப்பது பழக்கமாகிவிட்டால் அதனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, கடினமான வேறொன்றைச் சேர்க்கலாம். இரண்டு மூன்று மாதங்களில் போத்தலையே ஓய்வெடுக்க விடலாம். அதுவரையிலும் அதன் பின்னரும் தொடர வேண்டியது, நடந்ததை நடந்தபடி எடுத்துச் சொல்லும் பாராட்டு. "நல்ல பிள்ளை" என்பதைவிட, "இருவரும் சேர்ந்ததால் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது" என்பது பிள்ளையின் மனதில் நெடுங்காலம் நிற்கும். தண்ணீர் கேட்டவருக்குத் தண்ணீர் கொடுப்பது, நோயுற்ற தம்பியின் அருகில் இருப்பது போன்றவற்றுக்கு ஒருபோதும் கொட்டை வைக்கலாகாது. அவை கணக்குக்கு அப்பாற்பட்டவை.

பெண்பிள்ளையின் பங்கு

எந்தப் பரிசுத் திட்டத்தையும் தொடங்குவதற்கு முன்னர், வீட்டில் ஏற்கெனவே யார் எவ்வளவு வேலை செய்கின்றார் என்பதைப் பெற்றோர் எழுதிப் பார்ப்பது நல்லது. பல வீடுகளில் பெண்பிள்ளை தேநீர் ஊற்றுவதும் உடுப்புத் தோய்ப்பதும் கடமை எனப்படுகின்றன. ஆண்பிள்ளை ஒருமுறை தன் கோப்பையைக் கழுவினால் அது சாதனை எனப்படுகின்றது. இந்த நிலையில் பரிசு வைத்தால், மகளின் உழைப்புக்குக் கொட்டை இல்லை, மகனின் சலுகைக்குக் கொட்டை உண்டு என்றாகும்.

தாய் மத்திய கிழக்குக்கு வேலைக்குச் சென்ற குடும்பங்களில் இந்தச் சுமை இன்னும் கூடுதலாகும். அம்மம்மாவின் அல்லது மூத்தம்மாவின் பொறுப்பில் விடப்பட்ட வீட்டில், பதினான்கு வயது அக்காவே, ராத்தாவே இரண்டாம் தாயாகி விடுகின்றார். அப்பிள்ளையின் படிப்பு நேரம் தம்பி தங்கைகளின் சமையலில் கரைகின்றது. அத்தகைய வீட்டில் ஒத்துழைப்பு என்பது சண்டையைக் குறைப்பதற்கான வழியாக மட்டும் இருப்பதில்லை. ஒரு பெண்பிள்ளை பாடசாலையில் தொடர்ந்து இருப்பதா, இடைவிலகுவதா என்பதையே அது தீர்மானிக்கக் கூடும். தம்பி அரிசி களையவும் நானா தண்ணீர் பிடிக்கவும் பழகினால், ராத்தாவுக்குப் படிக்க ஒரு மணித்தியாலம் மிஞ்சும்.

வளவும் மதிலும்

கிழக்குக் கரையில் இந்த விடயத்துக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. இங்கு தமிழ், முஸ்லிம் சமூகங்கள் இரண்டிலும் திருமணமான மகளுக்கு வீடு கொடுப்பதும், மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து வாழ்வதும், சகோதரிகள் தாயின் வளவிலேயே அடுத்தடுத்துக் குடியிருப்பதும் நெடுங்கால வழக்கம். தாய்வழியில் சொத்துச் சென்ற முக்குவர் சட்டம் 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தோடு நடைமுறையிலிருந்து மறைந்த போதிலும், சீதன வீட்டின் மூலம் அவ்வழக்கம் தொடர்கின்றது. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இரு சமூகங்களுக்கும் பொதுவான இந்தத் தாய்வழி மரபை விரிவாக விளக்கியுள்ளார். தங்கைக்கு வீடு கட்டி முடிக்கும் வரை தன் திருமணத்தைத் தள்ளிப்போடும் சகோதரர்களை நாம் எல்லோரும் அறிவோம்.

எனவே, இன்று கைத்தொலைபேசிக்காக மல்லுக்கட்டும் இரு சிறுமியர், நாளை ஒரே வளவில் ஒரே கிணற்றைப் பங்கிட்டு வாழப்போகின்றவர்கள். இன்று தம்பியின் பிழையைக் கணக்கெழுதிக் கொடுக்கும் அண்ணன், நாளை அவனோடு சேர்ந்து அக்காவின் வீட்டுக்கு அத்திவாரம் வெட்ட வேண்டியவன். 2004 டிசம்பரில் வந்த ஆழிப்பேரலையின் பின்னரும், நீண்ட போரின் போதும், வீடிழந்த குடும்பங்களுக்கு முதலில் கதவு திறந்தவை பெரும்பாலும் உடன்பிறந்தோரின் வீடுகளே. அதேவேளை, ஒரு முழ நிலத்துக்காக உடன்பிறந்தோர் மத்தியஸ்த சபையிலும் நீதிமன்றத்திலும் எதிரெதிரே நிற்பதையும் காண்கின்றோம். அந்த வழக்குகளின் மனக்கசப்பைத் தேடிப்போனால், "அம்மாவுக்கு அவளைத்தான் பிடிக்கும்" என்ற பழைய வாசகம் எங்காவது புதைந்திருக்கும்.

ஒரு போத்தலும் சில புளியங்கொட்டைகளும் அந்தக் கசப்பு முழுவதையும் தடுத்துவிடும் எனச் சொல்வதற்கில்லை. ஆயினும், மற்றவர் தோற்காமலே தானும் வெல்லலாம் என்பதை ஒரு பிள்ளை முதன்முதலில் கற்றுக்கொள்ளக்கூடிய இடம் வீடு. பெற்றோரே, இந்த வாரம் சுவரிலுள்ள நட்சத்திரத் தாளைக் கழற்றிவிட்டுப் பிள்ளைகளை அருகில் இருத்திப் பேசுங்கள். எந்த நான்கு வேலைகள் என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும்.